கால் முறிந்ததாக நடித்தவரும் கை முறிந்ததை மறைத்தவரும்

எங்கள் கம்பெனியின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் கிடையாது, மருந்தும் கிடையாது. இரண்டு நூல்கண்டும், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத ஒரு சாவியும், பாதி தீர்ந்த விபூதிப் பொட்டலமும் இருந்தன. எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஆடிட் வரப்போகிறது என்று தெரிந்த அன்றுதான் அதைத் திறந்தே பார்த்தார்கள்.

நான் அப்போது அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வேலை. ஆடிட் வரும் கம்பெனியில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் ஒருவர் இருந்தாக வேண்டுமாம். ஆள் தேடும் பொறுப்பு எச்.ஆர். தலையில் விழுந்தது. மற்ற கம்பெனிகளில் எச்.ஆர். என்பது ஒரு பிரிவு. எங்களிடம் அது ஒரே ஆள். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, கையில் எந்நேரமும் ஒரு தடித்த ஃபைல். நேராக என் டேபிளுக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், நீங்க ப்ளஸ் டூல சயின்ஸ் குரூப்புதானுங்களே?"

"இல்லீங்க சார். காமர்ஸ்."

"பரவால்லீங்க. எல்லாமே நோட்டுல எழுதிப் படிக்கிறதுதானுங்களே," என்று என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் பயிற்சி. காலை முழுவதும் எலும்பு, மூட்டு, தசை பற்றிய வகுப்பு. சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக் கொண்டுவந்திருந்தார். பஸ்ஸில் வரும் வழியில் அதன் இடதுகை கழன்று எங்கோ விழுந்துவிட்டது. அதனால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் தன் கையையே நீட்டினார். பயிற்சிக்கு வந்த இருபது பேரும் மாறி மாறி அமுக்கிப் பார்த்ததில், சாப்பாட்டு வேளைக்குள் அவருக்கே அது வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அவர் சொன்னதை ஒன்று விடாமல் எழுதினேன். தசை பிடித்துக்கொண்டால் அந்தத் தசையை இழுக்கும்போது வலிக்கும். சுளுக்கு என்பது மூட்டைச் சுற்றியிருக்கும் நார் இழுபட்டுப் போவது. வீங்கும், கன்றிப் போகும், ஆனாலும் பெரும்பாலும் கொஞ்சமாவது ஊன்ற முடியும். மூட்டு நழுவினால் அந்த இடத்தின் உருவமே மாறிப்போகும், அசைக்க வராது. நாமாக அதைத் தள்ளி உள்ளே விடக் கூடாது. எலும்பு முறிந்திருந்தால், எலும்பின் மேலேயே ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகும். வளைந்து தெரியலாம், விழும்போது சத்தம் கேட்டிருக்கலாம். எதுவுமே தெரியாமலும் முறிந்திருக்கலாம்.

"சந்தேகமா இருந்தா முறிஞ்சதாவே வச்சுக்குங்க. அசைக்காமக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. யாரையும் தேய்க்க மட்டும் விட்டுராதீங்க," என்றார்.

முதலுதவியாளருக்கான பச்சை பேட்ஜைக் குத்திக்கொண்டு திரும்பிய நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. டீ டைமில் என் டேபிள் முன்னால் வரிசை நின்றது. தோள், முதுகு, கட்டைவிரல் என்று ஆளுக்கொன்றை நீட்டினார்கள். பெரும்பாலும் ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்ததால் வந்த தசைவலி. ஓய்வு கொடுங்கள் என்று சொன்னால், என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் அயர்னிங்கில் வேலை செய்பவர் படியில் கால் பிசகி வந்தார். கணுக்கால் வெளிப்பக்கம் புடைத்திருந்தது. எலும்பின் மேல் அமுக்கினேன், அங்கே வலியில்லை என்றார். நாலு எட்டு நடக்கச் சொன்னேன், நொண்டியபடி நடந்தார். சுளுக்குதான். ஐஸ் வைக்க வேண்டும். கம்பெனியில் பாய்லர் உண்டு, ஐஸ் கிடையாது. கேட்டுக்கு வெளியே மணியடித்த ஐஸ்காரரிடம் ஆறு சேமியா ஐஸ் வாங்கி, கட்டிங் வேஸ்ட் துணியில் சுருட்டிக் கட்டினேன். கால் மணி நேரத்தில் வலி மட்டுப்பட்டது, எறும்பு வந்துவிட்டது. ஒரே வரிசையாக வந்து கணுக்காலில் ஏறியது.

"மேடம், சுளுக்கு தேவலாமுங்க. இதுதானுங்க தாங்கல," என்று அவர் சுளுக்கிய காலையே உதறிக் குதித்தார்.

ஆடிட்டில் ஒரு விபத்து ஒத்திகையும் நடத்திக் காட்ட வேண்டும் என்று வந்தது. அடிபட்டவராக நடிக்க, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து எங்களிடம் வேலை பார்த்த பவர் டேபிள் மிஷினில் தைக்கும் டெய்லர் ஒருவர் தானாகவே முன்வந்தார்.

"யக்கா, எங்கூரு கோயில் திருநா நாடகத்துல பதினோரு வருசம் நடிச்சவன் நான். எப்பிடி விழணும்னு மட்டும் சொல்லுங்கோ."

எச்.ஆர். ஃபைலைப் பார்த்துச் சொன்னார். "துணி ரோல் தடுக்கி விழறீங்க. வலது காலு முறிஞ்சுபோகுது. அவ்வளவுதானுங்க."

"எலும்பு வெளிய தெரியணுமா, உள்ளயே முறிஞ்சாப் போதுமா?"

"உள்ளயே முறிங்க தம்பி."

"ரெத்தம்? டையிங்குல செவப்புச் சாயம் கெடக்குல்லா, ஒரு கப்பு..."

"ரத்தமே வேண்டாங்க!"

டெய்லரின் முகம் வாடிவிட்டது. ரத்தத்துக்குப் பதில் குரலில் காட்டிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். பதினோரு மணிக்கு அவர் தலையசைத்ததும் டெய்லர் துணி ரோலைத் தடுக்கி விழுந்தார். விழுந்தவர் போட்ட கூச்சலில் ஓடிக்கொண்டிருந்த மிஷின்கள் எல்லாம் நின்றன. "ஏ மாதாவே! எம் பிள்ளையள யாரு பாப்பா!" என்று தரையில் உருண்டார். அந்தப் பிள்ளைகளின் அம்மா தையலுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி டேபிளில் நின்று வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் மண்டியிட்டேன். திட்டப்படி ஸ்ட்ரெச்சரை எடுத்துவர எச்.ஆர். பேக்கிங் பக்கம் ஓடினார். அங்கே தரையில் பாலிதீன் கவர்கள் சிதறிக் கிடந்தன. அதில் கால் வைத்தார், வழுக்கினார், வலது கையை ஊன்றியபடி முன்னால் போய் விழுந்தார். காய்ந்த குச்சியை ஒடித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. உடனே எழுந்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்ட்ரெச்சரை வேறு இரண்டு பேர் தூக்கி வர, அவர் பின்னால் நடந்து வந்தார். மணிக்கட்டைப் பார்த்தேன். மேல்பக்கம் மேடாக எழும்பி, பிறகு பள்ளமாக இறங்கி, கவிழ்த்து வைத்த முள்கரண்டிபோல் வளைந்திருந்தது.

"சார், உங்க கையி..." என்று மெதுவாகச் சொன்னேன்.

"சுளுக்குங்க. நீங்க அவரப் பாருங்க."

"அது சுளுக்கு இல்லீங்க சார்."

"ஆடிட்டு முடியற வரைக்கும் சுளுக்குதானுங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த இடத்திலேயே ஒத்திகையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஆடிட் பாஸ் ஆக வேண்டும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும், டி-ஷர்ட் மடிப்புக்கு வைக்கும் அட்டைகளை எடுத்து டெய்லரின் ஒன்றும் ஆகாத வலது காலுக்கு இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டே, எச்.ஆரிடம் கிசுகிசுத்தேன். "மோதிரத்தக் கழட்டுங்க சார், வீங்கினா வராது. ஃபைல் மேல கைய வச்சு நெஞ்சோட அணைச்சுக்குங்க. அசைக்காதீங்க. யாரையும் தேய்க்க விடாதீங்க." ஒரு பனியன் துணிக் கிழிசலையும் அவர் சட்டைப் பையில் திணித்தேன். ஃபைலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள.

ஆடிட்டர் குனிந்து என்னிடம் கேட்டார். "இவருக்கு ஃப்ராக்சர்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

என் முன்னால் கிடந்த காலில் ஒன்றுமே இல்லை. நான் தலையைத் தூக்கி, ஆடிட்டருக்குப் பின்னால் நின்ற எச்.ஆரைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

"உருவம் மாறியிருக்குங்க சார். விழுந்தப்ப சத்தம் கேட்டுச்சுங்க. சீக்கிரமாவே வீங்குதுங்க. மொகம் வெளுத்துப் போயிருக்கு. நெத்தியில வேர்க்குதுங்க. நிக்க முடியாம சுவத்துல சாஞ்சுக்குவாங்க."

நான் சொல்லச் சொல்ல எச்.ஆர். வெளுத்தார், வேர்த்தார், சுவரில் சாய்ந்தார். டெய்லர் படுத்தபடியே தன் பங்குக்கு முகத்தைச் சுளித்தார். ஆடிட்டர், "வெரி குட்," என்று எழுதிக்கொண்டார்.

வேன் டிரைவரிடம் முதலில் கேட் வரை போய்த் திரும்பினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தது. ஆடிட்டர், ஆஸ்பத்திரி வரைக்கும் எவ்வளவு நேரமாகிறது என்று தெரிய வேண்டும், நிஜமாகவே போங்கள் என்றுவிட்டார். எச்.ஆர். உடன் வரட்டும் என்று நான் கேட்டேன். கையெழுத்துப் போட அவர் வேண்டும் என்றார்கள். ஆக, எலும்பு முறிந்தவரைக் கம்பெனியில் விட்டுவிட்டு, முறியாதவரை ஏற்றிக்கொண்டு பல்லடம் ரோட்டில் வேகமாகப் போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் இறங்கியதுமே, "கம்பெனில விழுந்து காலு முறிஞ்சிருச்சுங்க!" என்று கத்திவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டெய்லர் தள்ளுவண்டியில் உள்ளே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டர், இவருக்கு ஒண்ணுமில்லீங்க. நடிச்சாருங்க."

"இவ்வளவு நல்லாக் கட்டுப் போட்டுட்டு ஒண்ணுமில்லைங்கறீங்களேம்மா," என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல. நா நல்லாத்தான் கெடக்கேன்," என்று டெய்லரும் சொன்னார்.

"அடிபட்ட அதிர்ச்சியில வலி தெரியாது. எக்ஸ்ரே எடுத்துருவோம்."

கம்பெனி பெயரில் வந்தவரை எக்ஸ்ரே எடுக்காமல் அனுப்புவதில்லை என்று நர்ஸ் சொன்னார். எடுத்தார்கள். அரைமணி கழித்து டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"முறிஞ்சிருக்கு," என்றார்.

டெய்லர் என்னைப் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். காலையில் நான்தான் அமுக்கிப் பார்த்துக் கட்டுப் போட்டேன்.

"இப்ப இல்ல. ரொம்ப வருஷம் முன்னாடி. கணுக்காலுக்கு மேல வெளிப்பக்க எலும்பு. லேசாக் கோணலாச் சேர்ந்திருக்கு. எப்பவாச்சும் விழுந்தீங்களா?"

டெய்லர் யோசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் உப்பு லாரியிலிருந்து குதித்தபோது கால் மடங்கியதாம். சுளுக்கு என்று சொல்லி, ஊரில் சுளுக்கு வைத்தியம் பார்க்கும் அவருடைய தாய்மாமா மூன்று மாசம் தினமும் எண்ணெய் போட்டுத் தேய்த்து வழித்துவிட்டாராம். குளிர்காலத்தில் அந்தக் கால் குடைவதால் மிஷின் பெடலை இடது காலால்தான் மிதிக்கிறாராம்.

"அப்போ டாக்டர், மூணு மாசம் முறிஞ்ச எலும்பையா மாமா வழிச்சாரு?"

"ஆமா."

"நான் கத்துனதெல்லாம் அப்போ நடிப்பில்லையே யக்கா," என்றார் என்னிடம். அவருடைய மாமா அப்போது, ஆம்பளைப் பிள்ளை இப்படியா கத்துவது என்று திட்டினாராம். அதற்குப் பிறகு அந்த மாமாவின் மகளைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரி போனிலிருந்து இரண்டு தடவை கம்பெனிக்குப் பேசினேன். எச்.ஆர். ஆடிட்டரோடு இருக்கிறார் என்றே பதில் வந்தது. அவரும் வரட்டும் என்று அங்கேயே காத்திருந்தோம். அங்கே நடந்ததைப் பேக்கிங் அக்கா ஒருவர் பிறகு சொன்னார். எச்.ஆர். இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டிருக்கிறார். கட்டிங் மாஸ்டர் ஒருவர் "ஒரு இழு இழுத்தாச் செரியாப் போயிருமுங்க" என்று நெருங்கியபோது டாய்லெட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆடிட்டர் மூன்று முறை, "அந்த ஃபைலக் கொஞ்சம் குடுங்க," என்று கேட்டும் தரவில்லையாம். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து, "அம்மா," என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்.

நாலு மணிக்கு எச்.ஆர். முதலாளியின் காரில் ஆஸ்பத்திரியில் வந்து இறங்கினார். கை ஃபைலின் மேல், ஃபைல் நெஞ்சின் மேல், எல்லாவற்றையும் சுற்றி ரோஸ் கலர் பனியன் துணி. விரல்கள் கொழுக்கட்டைபோல் வீங்கியிருந்தன. மோதிரத்தை மட்டும் நல்லவேளையாகக் கழற்றியிருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இவரும் நடிக்கிறாராம்மா?"

"இல்லீங்க டாக்டர். இவருதானுங்க நெஜம்."

இரண்டு பேரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். எச்.ஆரின் மணிக்கட்டு எலும்பைச் சரிசெய்து மாவுக்கட்டுப் போட்டார்கள். "சுளுக்கு இல்லீங்களா?" என்று அப்போதும் ஒருமுறை கேட்டார். இல்லை என்றதும், ஏதோ மெமோ கிடைத்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆடிட்டில் பாஸ் ஆகிவிட்டோம். ரிப்போர்ட்டில் இரண்டு குறைகள் எழுதியிருந்தார்கள். அடிபட்டவரின் நடிப்பு நம்பும்படி இல்லை என்பது ஒன்று. மனிதவள அதிகாரி ஒரு ஃபைலைக் காட்ட மறுத்தார் என்பது மற்றொன்று. முதல் குறையைக் கேட்டு டெய்லர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எச்.ஆருக்கு ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். விரல் மடக்கிப் பழக, மீட்டிங்கில்கூட ஈரத் துணி உருண்டையை வைத்துப் பிசைந்துகொண்டிருப்பார். பேக்கிங் தரையில் ஒரு பாலிதீன் கவர் கிடந்தாலும் நின்று, தானே குனிந்து, இடது கையால் எடுப்பார்.

டெய்லருக்கு டாக்டர் சில பயிற்சிகள் சொல்லியிருந்தார். சாப்பாட்டு வேளையில் மிஷின் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி சோறு சாப்பிடுவார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மாமனாரிடம் இந்தத் தடவை ஒரு கேள்வி கேட்டுவிடுவது என்று பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "என்னங்க சொன்னாரு உங்க மாமா?"

"வெயில்ல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு யக்கா. 'எலே, எப்பிடிச் சேத்து வச்சிருக்கேன் பாத்தியா'ன்னாரு."

"படம் எங்கே?"

"குடுக்க மாட்டேன்னுட்டாரு. வைத்தியம் பாக்க வாறவங்களுக்குக் காட்டுததுக்கு வேணுமாம்."