இடது காலுக்கு வேலை இல்லாத கார்

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களை நான் மதித்ததே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியர் மாற்றாதவன் காரில் உட்கார்ந்து போகிறான், ஓட்டவில்லை என்பதுதான் என் எண்ணம். அரியமங்கலத்தில் கேட், கிரில் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். செய்த கேட்டை நானே லோடு வண்டியில் ஏற்றி, நானே ஓட்டிப்போய் இறக்குவேன். பொம்பளை லோடு ஓட்டுகிறாள் என்று சிக்னலில் வாய் பிளக்கிறவர்களைப் பார்த்து ஹாரன் அடித்தே ஒரு ஹாரன் போய்விட்டது.

ஐம்பது தாண்டியதும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. அப்போது கையில் காசு இல்லை. இப்போதும் புதுசு வாங்குகிற அளவுக்கு இல்லை, வேண்டவும் வேண்டாம். புதுசெல்லாம் டிவிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரு பழைய மாடல். இரண்டே கதவு, இரண்டே சீட், நீளமான மூக்கு, தரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற உடம்பு. அதன் பின்பக்க வளைவைத் தகட்டில் அடித்துக் கொண்டுவர என் பட்டறையில் எவனாலும் முடியாது. என்னாலும் முடியாது.

அந்த மாடல் எங்கள் ஊரில் ஒரே சமயத்தில் இரண்டு விலைக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒன்று, வெள்ளை, மேனுவல். கே.கே. நகரில் ஒன்று, மஞ்சள், ஆட்டோமேட்டிக். எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. என் தங்கைக்குத்தான் இருந்தது.

நானும் அவளும் திருவானைக்காவலில் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் காலிபர் மாட்டித்தான் நடப்பாள். பின்னால் கூடுதலாக இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வேலைக்குப் போவாள். ஊருக்குள் அது போதும். பெரிய ரோட்டில் லாரி உரசிப் போனால் அந்த ஸ்கூட்டர் ஆடும். அதனால் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அவள் தானாகப் போனதே இல்லை. போக வேண்டுமென்றால் என்னைக் கேட்க வேண்டும். நான் கத்துவேன். அப்புறம் லோடு வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போவேன்.

ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஆட்டோமேட்டிக்ல எத்தனை பெடல்?"

"ரெண்டு. ஆக்சிலரேட்டர், பிரேக்."

"ரெண்டும் வலது காலுக்குத்தானே?"

"ஆமா."

"அப்ப மஞ்ச வண்டி வாங்கு. நான் ஓட்டுவேன்."

"காரு எனக்குடி!"

"உனக்குத்தான் லோடு வண்டி இருக்கே. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டேன். ஆட்டோமேட்டிக்னா எனக்கு லைசென்ஸ் தருவாங்களாம்."

கேட்டுவிட்டே வந்திருக்கிறாள். இன்னொரு தோசை போட்டுக்கொண்டாள். நான் மட்டும் அரை மணி நேரம் கத்தினேன்.

கத்திவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். வெள்ளைக் காரின் சொந்தக்காரர் நெற்றியில் திருமண்ணோடு இருந்தார். காரின் மேல் போட்டிருந்த துணியை, சன்னிதியில் திரை விலக்குவது போல விலக்கினார்.

"பெருமாள் கிருபை, ஒரு கீறல் கிடையாது. எடுங்கோ, ஓட்டிப் பாருங்கோ. ஆனா ஒண்ணு, ஏனோதானோன்னு ஓட்டறவாளுக்குக் கொடுக்க மாட்டேன்."

ஓட்டினேன். அந்த கியர் லீவரைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். குட்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் போதும், டக்கென்று விழும். கிளட்ச் கனம்தான், ஆனால் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று செருப்பு வழியாகவே தெரிந்தது. மூன்றாவது கியரில் இழுத்தபோது எஞ்சின் போட்ட சத்தத்தில் என் கண் கலங்கியது. அப்பா செத்தபோதுகூட நான் அழவில்லை. திரும்பி வந்து இறங்கினேன். எப்படி என்று பெரியவர் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து, "தெரியறது" என்றார்.

வாங்கிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். தங்கை வாசலில் காலிபரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருந்துச்சா?" என்றாள். "ம்" என்றேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் ஜெயித்திருப்பேன்.

"கிளம்பு, அந்த மஞ்சச் சனியனையும் பார்த்துத் தொலைப்போம்" என்றேன்.

கே.கே. நகர்க்காரர் வாசலிலேயே என் கோபத்தைக் கிளப்பினார். "லேடீஸுக்கு இதுதாங்க கரெக்ட். கியர் கிளட்ச்னு சிரமப்பட வேணாம் பாருங்க."

"நான் லோடு வண்டி ஓட்டுறவங்க" என்றேன்.

"அட, அப்படீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே திரும்பிப் போயிருப்பேன். தங்கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரு முனையில் திரும்பும்போது என் இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் ஏது? அகலமான பிரேக்தான் இருந்தது. வண்டி குத்திட்டு நின்றது. அவர் மூக்குக்கண்ணாடி பறந்து டேஷ்போர்டில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வண்டியும் மந்தம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் யோசித்து, கீழே ஒரு கியர் போகலாமா என்று தனக்குள் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பும். லீவருக்குப் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு சந்து இருந்தது. என்ன என்று கேட்டேன். "நாமளே கியர் மாத்திக்கலாமாம். நான் தொட்டதே இல்லீங்க" என்றார்.

அவரை வீட்டில் இறக்கிவிட்டு, பக்கத்தில் மனை போட்டிருந்த வெட்ட வெளிக்கு வண்டியைக் கொண்டுபோய்த் தங்கையை ஓட்ட வைத்தேன். முதலில் அவள் உட்கார வேண்டுமே. சீட் முழங்காலுக்கும் கீழே இருந்தது. கை கொடுத்தேன், தட்டிவிட்டாள். கூரையை ஒரு கையால் பிடித்து, இடுப்பை முதலில் இறக்கி, காலிபர் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தாள். வண்டி நகர்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை. வட்டம் போட்டாள், எட்டு போட்டாள், மனைக்கல் நட்ட இடத்தில் சரியாக நிறுத்தினாள். நான் முதல்முறை வண்டி ஓட்டியபோது ஒரு டீக்கடை பெஞ்சை உடைத்தவள்.

"உனக்கு மட்டும் எப்படிடி?"

"உன் கால் மாதிரி என் கால்ல பழைய பழக்கம் எதுவும் இல்ல. அதான்."

அந்தத் தூசு மண்டிய வெட்ட வெளியில் அவள் மூஞ்சியை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடி, சிரிப்பை உள்ளேயே வைத்திருந்தாள். வெள்ளைக் காரின் மூன்றாவது கியர் ஞாபகம் வந்தது. "சரி, இதையே எடுத்துத் தொலைப்போம்" என்றேன்.

ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்து சொன்னேன். "தங்கைக்காகவா?" என்றார் பெரியவர். ஆமாம் என்றேன். "அப்படின்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை" என்றார். அவர் சண்டை போட்டிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி பெயர் மாறி வந்தது. தங்கை எல்.எல்.ஆர். வாங்கினாள். எங்கள் தெருப் பிள்ளையார் கோவிலில் பூஜை போட்டோம். குருக்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஓனர்தான் பழத்தின் மேல் வண்டியை ஏற்ற வேண்டும் என்று நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். எஞ்சினைப் போட்டு லீவரையும் தள்ளி வைத்துவிட்டு, பழம் சரியாக இருக்கிறதா என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். பார்க்கிற மும்முரத்தில் பிரேக்கிலிருந்து கால் எழுந்துவிட்டது. மேனுவலை நியூட்ரலில் விட்டுவிட்டுக் காலை எடுத்தால் அது நிற்கும். இது நிற்காது, தானே ஊரும். ஊர்ந்தது. நாலு பழமும் நசுங்கியது. குருக்கள் சூடத்தட்டோடு எகிறிக் குதித்தார்.

"இன்னும் சூடமே ஏத்தலையேம்மா! பழத்தை நசுக்கச் சொன்னா என்னை நசுக்கப் பார்க்கறேளே!"

தெருவே சிரித்தது. தங்கை சத்தமாகச் சிரித்தாள். வேறு பழம் வாங்கி வந்தார்கள். குருக்கள் என்னைப் பார்க்காமல் அவளிடம், "நீங்க உக்காருங்கோ" என்றார்.

கூரையைப் பிடித்து, இடுப்பை இறக்கி, காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, குருக்கள் ஒதுங்கி நின்று கை காட்டும்வரை வண்டி அசையவில்லை. அப்புறம் பழங்கள் நசுங்கியது பக்கத்து சீட்டில் இருந்த எனக்கே தெரியவில்லை.

"வீட்டுக்குத் திருப்புடி."

"கொள்ளிடம் தாண்டிட்டு வரலாம்."

பின்னால் சிவப்பு எல் ஒட்டிய அந்த மஞ்சள் கார் பைபாஸ் ஏறியது. பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு மணல் லாரி முக்கிக்கொண்டு போனது. வலது பக்கம் காலியாக இருந்தது. தங்கை கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள். அப்புறம் அந்த லீவரைப் பக்கத்துச் சந்துக்குத் தள்ளி, கழித்தல் பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். எஞ்சின் கத்தியது. ஸ்ரீரங்கத்தில் என்னை அழ வைத்த அதே சத்தம். லாரி பின்னால் போய்விட்டது.

"இத யாருடி உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"இத்தனை வருஷமா உன் லோடு வண்டியில பக்கத்துல உக்காந்து வந்தவளுக்கு, எப்ப கியரைக் குறைக்கணும்னு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே தெரியாதா?"

கீழே ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அவள் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்தாள். பாலம் முடிந்தது. திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. சமயபுரம் பக்கம் போய்க்கொண்டே இருந்தாள்.

"அக்கா."

"என்ன?"

"அங்க பெடலே இல்ல. மிதிச்சு மிதிச்சு ரப்பர் மேட்டைக் கிழிச்சிடாத."

குனிந்து பார்த்தேன். என் இடது கால் ரப்பர் மேட்டை அழுத்திக்கொண்டிருந்தது.