உரைகல்லில் தேய்த்த செப்புக் காசு

நீங்கள் என் காசைக் கெடுத்தீர்கள். கெடுத்துவிட்டு, அது கள்ளக் காசு என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்கள். பாரிஸில் லா சப்பலில் நகைக்கடை வைத்திருக்கும் உங்களைத்தான் சொல்கிறேன், அண்ணை.

நான் ஓல்னேயில் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்கிறேன். பழைய அமெரிக்கச் செப்புக் காசுகள் சேர்க்கிறேன். எபினேயில் பழைய சாமான் சந்தையில் முதன்முதலாக ஒன்றைக் கண்டேன், பிடித்துப்போனது. வேறு காரணம் இல்லை. அவிழ்ந்த தலைமுடியோடு ஒரு பெண்ணின் முகம், பின்னால் ஒரு கோலில் தொப்பி. அந்த நாடு காசு அடிக்கத் தொடங்கிய புதிதில் வந்த ஒரு சதம், அதாவது சென்ட். நம் இரண்டு ஈரோக் காசைவிடப் பெரியது.

காசு சேர்க்கும் நாங்கள் சிலபேர் ஞாயிறு பின்னேரம் உங்கள் கடையின் பின்னறையில் கூடுவோம். அன்று நான் ஏலத்தில் எடுத்த 1795ஆம் ஆண்டுச் சதத்தைக் கொண்டுவந்தேன். ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர் ஒருவர் தன்னுடைய 1794ஐக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்தீர்கள். என்னுடையது நிறை குறைவு. அவருடைய காசின் விளிம்பில் எழுத்து இருந்தது, என்னுடையதில் இல்லை.

"தங்கச்சி, உங்களை ஆரோ நல்லாச் சுத்திப்போட்டான்."

"செம்பு விலை ஏறினதாலை 1795இலை நிறையைக் குறைச்சவங்கள் அண்ணை. தகடு மெல்லிசாப் போச்சு, விளிம்பிலை எழுத்தும் இல்லை."

"கன்ரீனிலை இதுவும் படிப்பிக்கிறாங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை நீட்டுவதற்குள் உரைகல்லை எடுத்து, காசின் விளிம்பை அதில் இழுத்துவிட்டீர்கள்.

"ஐயோ, அது பொன் இல்லை! விடுங்கோ!"

"பொறுங்கோ. பாத்தியளே, உள்ளுக்குச் சிவப்பு. புதுசா அடிச்ச கள்ளக் காசு."

எந்தச் செம்பைக் கீறினாலும் உள்ளே சிவப்புத்தான். இருநூறு வருடத்துக்கு மேல் கறுத்துப் பழுப்பேறிய விளிம்பில் பளிச்சென்று ஒரு கீறல் விழுந்தது. பொன்னை உரைத்தால் மாற்றுத் தெரியும். செம்பை உரைத்தால் என்ன தெரியும்? கள்ளக் காசும் செம்புதான், நல்ல காசும் செம்புதான்.

அடுத்த கிழமை பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு நின்றேன். கூட்டத்துக்கு வரும் ஒருவன், "கள்ளக் காசு அக்கா வாறா, சில்லறையைப் பாத்து வாங்குங்கோ," என்று கடைக்காரரிடம் சொன்னான். அதன் பிறகு நான் காட்டும் எந்தக் காசையும் யாரும் கையில் எடுப்பதில்லை. என்னோடு காசுக்குக் காசு மாற்றிக்கொள்ள இருந்தவர்களும் பின்வாங்கிவிட்டார்கள்.

தரம் பார்க்கும் நிறுவனத்துக்குக் காசை அனுப்பினேன். பிளாஸ்டிக் உறையில் மூடித் திருப்பி அனுப்பினார்கள். உண்மையான காசு என்று எழுதியிருந்தார்கள். ஆனால் விலையைத் தீர்மானிக்கும் தர எண்ணைப் போடவில்லை. காரணம், விளிம்பில் புதுக் கீறல்.

உங்களுக்குப் போன் எடுத்து, இதைக் கூட்டத்தில் சொல்லச் சொன்னேன். "ஓம், பிழைதான் தங்கச்சி. ஆனா அங்கை சொன்னா என்ரை கடைக்கு ஆர் வருவினம்? ஒரு சோடி தோடு, செய்கூலி இல்லாமச் செய்து தாறன். இதை விடுங்கோ," என்றீர்கள்.

உங்கள் கடைக்குப் பெயர் இருக்கிறது. எனக்கு இல்லையா?

தோடு வேண்டாம். போனில் ஒப்புக்கொண்டதும் வேண்டாம். வரும் ஞாயிறு, சிரித்த எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொல்லுங்கள்: காசு நல்லது, கீறியது நீங்கள். சொல்ல மாட்டீர்கள் என்றால், ஏன் மாட்டீர்கள் என்பதையாவது அவர்களுக்கு முன்னால் சொல்லுங்கள்.