டோலியில் இறங்கிய தமிழய்யா

மூன்று முறை கொரோனா வந்து போன உடம்பைத் தூக்கிக்கொண்டு நான் கல்வராயன் மலை ஏறியது ஆரோக்கியத்துக்காக அல்ல. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் போடுவதற்காக. அதுவும் குழுவில் இருக்கும் எல்லோருக்காகவும் அல்ல. ஒரே ஓர் ஆள் அதைப் பார்த்து வயிறெரிய வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு பீரோ நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். படிப்புக்கும் புத்திக்கும் சம்பந்தம் உண்டு என்று உங்களுக்கு யார் சொன்னது?

முதல் கொரோனா எனக்குக் கௌரவமாகத்தான் வந்தது. தெருமுனையில் தகரம் அடித்தார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். பக்கத்து வீட்டார் இட்லியை வாசல் கேட் அருகில் வைத்துவிட்டு ஓடினார்கள். இரண்டாவது வந்தபோது பாதித் தெருவுக்கு வந்திருந்ததால் யாரும் மதிக்கவில்லை. மூன்றாவது, ஊரே அதை மறந்துபோன காலத்தில் வந்தது. "இன்னும் அதப் புடிச்சிக்கினு இருக்கீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர், செல்லாத நோட்டை நீட்டியவனைப் பார்ப்பதுபோல.

காய்ச்சல் நான்கே நாளில் போய்விட்டது. போகும்போது என்னிடம் இருந்த பலத்தையும் வாரிக்கொண்டு போனது. குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டும் முன் கட்டிலில் உட்கார வேண்டும். சட்டைக்குப் பொத்தான் போட்டு முடிப்பது ஒரு நாளின் பெரிய வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாவது மாடியில். பல ஆண்டுகளாக அந்த வகுப்பு என்னுடையது. ஒரு செய்யுளை எடுத்தால் பொருள், அணி, இலக்கணக் குறிப்பு என்று மணி அடிக்கும் வரை நிறுத்தாமல் கொட்டுவேன். அதில் எனக்கு அளவில்லாத பெருமை. அந்த ஜூன் மாதம் மாடி ஏறி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வரி சொல்வேன், மூச்சு வாங்கும். கொஞ்சம் பொறுத்து அடுத்த வரி. அந்த இடைவெளிகளில் வகுப்பு முழுவதும் சத்தமில்லாமல் குனிந்துகொள்ளும். என் கதியைக் காணப் பொறுக்காமல் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள் என்று நினைத்து உருகினேன்.

இரண்டாவது வாரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் எங்கள் பள்ளியின் இன்னொரு தமிழாசிரியரும் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், தினமும் உளுந்தூர்பேட்டையிலிருந்து பைக்கில் வருகிறவர், வந்து இறங்கும்போதுகூட மூச்சு வாங்காதவர்.

"ஆறாம் வகுப்பு கீழதான இருக்குது, அத எடுத்துக்குங்க. பன்னெண்டாவத இவர் பாத்துப்பாரு" என்றார் தலைமையாசிரியை.

"ஐயா ரெஸ்ட் எடுக்கட்டும் மேடம்" என்றார் அந்த மனிதர், துக்கம் விசாரிக்க வந்தவரின் குரலில். கண்ணில் மட்டும் கல்யாணக் களை.

"என் கிளாஸ் எனக்கு எப்ப மேடம் திரும்பக் கெடைக்கும்?"

"அரையாண்டுக்குள்ள மாடி ஏறி வந்து, ஒரு பீரியடு முழுக்க மூச்சு வாங்காம நடத்திக் காட்டுங்க. இல்லன்னா ரிட்டையர் ஆகற வரைக்கும் ஆறாம் வகுப்புதான்."

ஆறாம் வகுப்பில் பாடம் என்று தனியாக ஒன்றும் இல்லை. "ஐயா, இவன் கிள்றான்" என்பதுதான் பாடம். "ஐயா, அவன்தான் மொதல்ல கிள்னான்" என்பது அதன் உரை. அதைக் கேட்டுக்கொண்டே ஓய்வுபெறுவதைவிட ஓடிச் சாவது மேல் என்று முடிவு செய்தேன்.

டாக்டர் என்னவோ நல்லதைத்தான் சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்: "தினம் கொஞ்சம் நடங்க. களைப்பு வர்றதுக்குள்ள நிறுத்திடுங்க." களைப்பு வராத பயிற்சி என்ன பயிற்சி? அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பள்ளி மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றினேன். மறுநாள் எழ முடியவில்லை. அதற்கு மறுநாள் பழிக்குப் பழியாகப் பன்னிரண்டு சுற்று. மூன்று நாள் படுக்கை. உடம்பு சோம்பேறித்தனம் பண்ணுகிறது, அடித்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நம்பினேன். ஒரு மாட்டை அப்படி அடித்திருந்தால் இந்நேரம் வழக்குப் போட்டிருப்பார்கள்.

"ஒரு நாளு ஆட்டம், மூணு நாளு கட்டிலு. இதுக்குப் பேரு எக்சர்சைஸா?" என்றாள் மனைவி.

மைதானத்தில் காலையில் நடக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஆட்டுக்கால் சூப் குடி என்றார் ஒருவர். கறியைத் தொடாதே என்றார் அவரோடு சேர்ந்து நடந்தவர். இரண்டு பேரும் என்னை நடுவில் நிறுத்திவிட்டுச் சண்டை போட்டார்கள். ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாக மூச்சு விடுகிற யாரையுமே அந்த நாட்களில் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பரில் ஆசிரியர் அறையில் அந்த உளுந்தூர்பேட்டைக்காரர் அறிவித்தார். பன்னிரண்டாம் வகுப்பை ஒரு நாள் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போகிறாராம்.

"ஐயாவும் வரட்டும். பஸ்ஸுல குந்திக்கினு பையெல்லாம் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு வாத்தியாருக்கு டீ மூக்கில் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சின்னசேலத்தில் புதுமனை புகுவிழா என்று மனைவியிடம் சொன்னேன். பொய்க்குப் பொருத்தமாகப் பட்டு வேட்டி கட்டி, அதற்குள் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு, வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை வளைவுகளில் பஸ் முனகி ஏறியது. இறங்கியதும் வேட்டியைச் சுருட்டிப் பையில் திணித்தேன். மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மேலே போனது. உச்சியில் ஒரு பாறை. அங்கே நின்று கட்டை விரலை உயர்த்தி ஒரு படம், இதுதான் திட்டம்.

எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். வன்மத்தில் ஏறினேன். அதற்குத் தனியாக ஒரு பெட்ரோல் இருக்கிறது. பாறையில் நின்றேன், படம் எடுத்தேன். "காலை நடை. காற்று அருமை" என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். போனில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, சரி, இறங்குவோம் என்று எழப் பார்த்தேன். கால்கள் என்னோடு வர மறுத்தன. ஒரு மணி நேரம் கழித்தும் மறுத்தன.

மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். நீளமான மூங்கிலும் கம்பளியுமாக இரண்டு பேர் வந்தார்கள். பாதை இல்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவரும் டோலி அது. கம்பளியை மூங்கிலில் தொட்டில் மாதிரிக் கட்டினார்கள்.

"இன்னா சாரு, வலிப்பா?" என்றார் முன்னால் இருந்தவர்.

"இல்லப்பா, களைப்பு."

"களைப்புக்கா? நாங்க இத பிரசவத்துக்குல்ல எடுப்போம்."

"போன மாசம் ரெட்டப் புள்ளயோட ஒரு பொம்பளய எறக்கனோம். அதுகூட இவர விட கம்மி" என்றார் பின்னால் இருந்தவர்.

பாதையோரம் ஆட்கள் கூடினார்கள். நான் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டேன். அது தப்பு, அப்படி மூடியதும் யாரோ ஒரு கிழவி அழ ஆரம்பித்தாள். சீக்கிரம் இறங்கினால் போதும் என்றிருந்தது. இவர்களோ நூறடிக்கு ஒருமுறை என்னைப் பாறையில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"களைச்சிட்டீங்களாப்பா?"

"களைக்கல."

"அப்புறம் ஏன் நிக்கறீங்க?"

"களைச்சப்புறம் எறக்கனா கீழ வுழறது நாங்க இல்ல சாரு, நீங்க" என்றார் முன்னவர் எரிச்சலோடு. "தெம்பு இருக்கச்சயே எறக்கிடணும். அப்பதான் ரோடு வரைக்கும் தூக்க முடியும். அவசரம்னா எறங்கி நடந்து வாங்க."

இறங்கி நடக்க முடியாததால் அந்தப் பதிலைப் படுத்தபடியே யோசிக்க வேண்டியதாயிற்று. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் அதுதான்.

தார்ச்சாலை நெருங்கியபோது சட்டைப்பையில் போன் குதித்தது. சிக்னல் வந்து படம் போய்விட்டது. டோலிக்குள் படுத்தபடி பாராட்டுகளைப் படித்தேன். தலைமையாசிரியை கைகுவித்திருந்தார். "அற்புதம் ஐயா! நாளைக்கே மேல்மாடிக்கு வந்துடுங்க" என்று எழுதியிருந்தார் உளுந்தூர்பேட்டைக்காரர். பதில் போடக் கையைத் தூக்க முடியவில்லை.

வாடகைக் காரில் வீட்டு வாசலில் இறக்கப்பட்டபோது மனைவி என் டிராக் பேண்டை மேலும் கீழும் பார்த்தாள். "அவங்க வூட்ட எந்த மலை மேல கட்டிக்கினு இருக்காங்க?"

மூன்று வாரம் மருத்துவ விடுப்பு. படம் போட்டவன் படுத்த கதை பள்ளி முழுக்கப் பரவியது.

படுக்கையிலிருந்து எழுந்த பிறகு டோலிக்காரர்கள் வழியில் போனேன். எவ்வளவு முடியுமோ அதில் பாதி. கேட் வரை போக முடிந்தால் பாதி வழியிலுள்ள துளசிச் செடியிடமே திரும்பிவிடுவது. ஒரு வாரம் கழித்து இன்னும் நாலடி. இதைப் போல மனிதனை அவமானப்படுத்தும் பயிற்சி வேறில்லை. பள்ளியில் அனுமதி வாங்கி, படிக்கட்டு திரும்பும் இடங்களில் இடத்துக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியாகப் போட்டேன். எட்டுப் படி ஏறுவேன், களைக்காது, ஆனாலும் உட்காருவேன்.

"இன்னா ஐயா, இதுக்கேவா?" என்று கேட்டபடி இரண்டிரண்டு படியாகத் தாவிப் போவார் உளுந்தூர்பேட்டைக்காரர்.

நிற்கத் தெம்பிருந்தும் எதிரியின் முன்னால் உட்கார்ந்திருப்பது மலை ஏறுவதைவிடக் கஷ்டம். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவர் பின்னாலேயே மேலே வரை ஏறிவிட்டேன். இரண்டு நாள் கட்டில். மறுபடி எட்டுப் படியிலிருந்து ஆரம்பித்தேன். அதன்பின் அவர் என்ன சொன்னாலும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். நவம்பரில் முதல் மாடி. டிசம்பரில் இரண்டாவது.

அரையாண்டுத் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு தலைமையாசிரியை பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். உளுந்தூர்பேட்டைக்காரர் வாசலில் கைகட்டி நின்றார். நான் எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்து எழுந்து, சாவகாசமாக வந்து சேர்ந்தேன். செய்யுளை எடுத்தேன். பொருள், அணி, இலக்கணக் குறிப்பு. ஆறு மாதக் கோபம் முழுவதையும் நிறுத்தாமல் கொட்டினேன். மணி அடித்தபோது எனக்கு வியர்க்கக்கூட இல்லை.

"சரி. ஜனவரியிலேர்ந்து நீங்களே எடுத்துக்குங்க" என்றார் தலைமையாசிரியை. வாசலில் நின்றவரின் முகத்தை மட்டும் யாராவது படம் எடுத்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

இறங்கும்போது, வழக்கப்படி, முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். முன் பெஞ்சு மாணவி ஒருத்தி நோட்டும் கையுமாக ஓடி வந்தாள்.

"ஐயா, ஜனவரிலேர்ந்து நீங்கதான் வர்றீங்களா?"

"ஆமாம்மா" என்றேன், அடக்கமாக.

"அப்பன்னா ஜூன்ல நடத்தனீங்களே, அந்த மாரி நடத்துங்க ஐயா. ஒரு வரி சொல்லிட்டு மூச்சு வாங்கிக்கினு இருப்பீங்க, அதுக்குள்ள நாங்க எழுதிப்போம். இன்னிக்கி ஒண்ணுமே எழுத முடியல."