அம்மனிடம் கேட்ட பூ

எனக்குப் பெருங்குடல் புற்றுநோய் மறுபடியும் தலைகாட்டியபோது, புது மருந்து ஆய்வில் சேர்கிறீர்களா என்று சென்னை ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். என் மனைவி ஊர் அம்மனிடம் பூ கேட்கப் போனாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலைப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சேரலாம். சிவப்பு வந்தால் கூடாது.

திரும்பி வந்தவளிடம், "இன்னா வந்துச்சு?" என்றேன்.

"கெளம்புய்யா, பஸ்ஸு வந்துடும்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார்: "வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. கூடவே சிலருக்குப் புது மாத்திரை, சிலருக்கு அதே மாதிரி மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் உடம்புக்குள் போவது எனக்கே தெரியக்கூடாதா? மனைவியோ பழகிய கதையைக் கேட்பவள் போலத் தலையாட்டினாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு ஊர் திரும்பிய நாளில், உத்திரமேரூர் ஏரி முழுக்கச் சாயங்கால வெளிச்சம் மிதந்தது. அரைத்தூக்கத்தில், பஸ் நிற்பதாகவும் தண்ணீர்தான் எங்களைக் கடந்து போவதாகவும் தோன்றியது. மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அந்தப் பூப்பொட்டலம், கட்டு அவிழாமல், சருகாகிக் கிடந்தது.

"செவப்பா இருந்துட்டா இன்னா பண்றது? அதான் நான் பிரிக்கவே இல்ல."