உறை மாறிப்போன ரெக்கோட்டுகள்

1. மேனேஜர் கேட்ட கேள்வி

“இதுக்குள்ள இருந்த ரெக்கோட்ட என்னா செஞ்சீங்க?”

மேனேஜர் இப்படிக் கேட்டபோது என் கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது. ஐந்து விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.   நாற்பத்தாறு வருஷ வேலையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

என் பெயர் பாக்கியம். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய பங்களாவில் வேலை செய்கிறேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை, தோட்டத்தை நடத்துகிற துரை வீட்டில் துடைக்க மெழுக ஆள் வேண்டும் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வைத்துக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு துரைமார் பலர் வந்தார்கள், போனார்கள். இப்போது பங்களாவை ஹோட்டலாக்கி விட்டார்கள். நான் மட்டும் மாறாமல் அங்கேயே இருக்கிறேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதையும் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன், அவசரமில்லை. இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. பங்களா வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று சொன்னார்கள். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

2. கம்பி அழுத சத்தம்

நான் பங்களாவுக்குப் போன காலத்தில் இருந்த துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருடைய தங்கச்சி அமெரிக்காவில் இருந்தார். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பார்சல் வரும். உள்ளே அட்டை உறை போட்ட பாட்டுத்தட்டு இருக்கும், அதைத்தான் ரெக்கோட் என்போம்.

முதன்முதலில் நான் அதைக் கேட்டபோது தேங்காய் மட்டையால் தரைக்குச் சிவப்பு பொலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளே யாரோ இழுத்து இழுத்து அழுகிறார்கள். துரைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மட்டையை எறிந்துவிட்டு ஓடினேன். துரை ரெக்கோட் போடுகிற ரேடியோகிராம் பெட்டிக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாக்கியம், பேய் கண்டதா?”

“யாருங்க துரை அழுறது?”

“ஆள் இல்லை. கிட்டார். ஸ்டீல் கிட்டார்.”

கம்பி அழும் என்று எனக்கு அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

துரைக்கு அந்தப் பாட்டுகள் என்றால் உயிர். சாப்பாடு ஆறினாலும் எழுந்திருக்க மாட்டார். எனக்கு ஒரு நாள் விளக்கம் சொன்னார். அங்கே பட்டிக்காட்டு ஆட்கள் பாடுகிற பாட்டு ஒன்று, பட்டணத்துப் பையன்கள் தலைமுடி வளர்த்து, மின்சாரக் கிட்டார் அடித்துப் பாடுகிற பாட்டு இன்னொன்று. கொஞ்சப் பேர் இரண்டையும் சேர்த்துப் பாட ஆரம்பித்தார்களாம். பட்டிக்காட்டானும் கேட்கவில்லை, பட்டணத்தானும் கேட்கவில்லையாம். “நான் கேட்கிறேன். நீயும் கேட்கிறாய். போதும்” என்றார்.

அந்தத் துரை பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அலுமாரிச் சாவியை என் கையில் கொடுத்து, “பார்த்துக்கொள்” என்றார். நாற்பத்தொரு ரெக்கோட். அடுத்து வந்த துரைமார் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு சும்மா கிடக்கிற நேரத்தில் நானே ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுத் தரை தேய்ப்பேன். நாற்பத்தொன்றும் எனக்குத் தண்ணிபட்ட பாடு.

3. கூரை ஒழுகிய வருஷம்

எங்கள் பக்கத்து மழை தெரிந்ததுதான். ஒரு வருஷம் கூரைத் தகரம் கிளம்பி, அலுமாரிக்கு மேலேயே ஒழுகிவிட்டது. நான் பார்க்கும்போது உறைகள் எல்லாம் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. துரை ஒப்படைத்த சாமான். 

ரெக்கோட்டுகளை உருவி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். உறைகளைக் கூடையில் அடுக்கித் தேயிலை ஃபெக்டரிக்குக் கொண்டு போனேன். பச்சைக் கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிற கம்பி வலை மேல்மாடியில் இருக்கிறது. அதில் பரப்ப ஃபெக்டரியைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன்.

“இதென்னா பாக்கியம், அட்டையில தேத்தூள் போடப் போறியா? சரி, பரப்பு. அந்திக் கொழுந்து வரமுந்தி அள்ளிரணும்.”

உறைகள் காய்ந்துவிட்டன. இன்றைக்கும் மோந்து பார்த்தால் பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும்.

அதற்குப் பிறகுதான் தலை சுற்றியது. நாற்பத்தொரு ரெக்கோட், நாற்பத்தொரு உறை. எது எதற்குள் போக வேண்டும்? ஆபீசில் இருந்த கிளாக்கர் ஐயாவிடம் கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் வாசித்துச் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அதற்கு முந்திய மாதம்தான் அவர் நான்கு பேருக்கு நடுவில், “பங்களாவுல இருக்கிற பொம்பளைக்கு இங்கிலீஷ் ஒரெழுத்தும் தெரியாதா?” என்று கேட்டுச் சிரித்திருந்தார். “எல்லாம் தெரியும்” என்று நான் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மறுபடி அவர் முன்னால் போய் நிற்க மனம் வரவில்லை.

ஆகவே மூன்று நாள், ஒவ்வொரு ரெக்கோட்டாகப் போட்டுக் கேட்டேன். உறைகளைத் தரையில் பரப்பி வைத்து, இந்தக் குரல் எந்த முகத்துக்குப் பொருந்தும் என்று பார்த்தேன். ரயில் பாதையில் தொப்பியோடு தனியாக நிற்கும் மெலிந்த ஆள் ஒருவன் இருந்தான். ரொம்ப அழுகிற ரெக்கோட்டை அவனுக்குக் கொடுத்தேன். உடைந்த லொறியின் மேல் நாலு பேர் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குதிக்கிற பாட்டு ஒன்றை அவர்களுக்குள் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கொழுந்தின் தரம் சொல்கிறவள் நான், இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

4. செருப்பைக் கழற்றிய விருந்தாளிகள்

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். செல்வகுமார், ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அலுமாரியைத் திறந்து படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டார். ஒரு மாதத்தில் ஐந்து பேர் வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

மூன்று பேர் வெள்ளைக்காரர். தலைவர் கொழும்பு ஆள், பெரேரா மாத்தயா. சிங்களத்தில் ஐயாவை மாத்தயா என்போம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த முடியைப் பின்னால் கட்டியிருந்தார். கூர் மூக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு பாசிப் படியில் இரண்டு தடவை வழுக்கினார். ஐந்தாவது ஆள் ஒரு தமிழ்ப் பெண், சுகன்யா. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவளாம்.

விருந்தாளிகள் மண் பூட்ஸோடு என் தரைமேல் நடப்பது வழக்கம். இவர்கள் அலுமாரி இருக்கும் அறை வாசலில் யாரும் சொல்லாமலே கழற்றி வைத்தார்கள். நான் அசந்துபோனேன். சாமியறைக்குப் போகிற மாதிரி உள்ளே போனார்கள்.

பெரேரா மாத்தயா உடைந்த லொறி உறையைக் கண்டதும் இரண்டு கையாலும் எடுத்தார்.  அந்த நாலு பேரும் சேர்ந்து செய்தது அந்த ஒரே ரெக்கோட்தானாம். வாங்க ஆளில்லாமல் பிரிந்து போனார்களாம். கண்டியில் படிக்கிற காலத்தில் ரேடியோவில் ஒரே தடவை கேட்டாராம். அன்றிலிருந்து தேடுகிறாராம். சுகன்யா தமிழில் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்து நின்றேன்.

மாத்தயா ரெக்கோட்டை உருவினார். நடுவில் இருக்கும் வட்டக் கடதாசியைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. “இது அது இல்லை” என்றார்.

அப்போதுதான் மேனேஜர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டார்.

“சாவி ஒங்ககிட்டத்தானே இருக்கு? வித்துட்டீங்களா?”



“சேர், இந்த வீட்டுல இத்தனை வருஷத்துல ஒரு கரண்டி காணாமப் போயிருக்கா?”

“கரண்டியப் பத்தியா இப்ப பேச்சு? இவங்க எங்கயிருந்து வந்திருக்காங்க தெரியுமா? பின்னேரத்துக்குள்ள அது வரணும். வராட்டி நாளைக்கு நீங்க வேலைக்கு வர வேணாம்.”

வேலை போனால் போகட்டும், எனக்கும் வயதாகிவிட்டது. ஆனால் பாக்கியம் திருடி என்ற பேரோடு எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பி நடக்க என்னால் முடியாது.

5. பாடிக் காட்டச் சொன்னேன்

தட்டை மேசையில் வைத்தேன். சுகன்யாவைப் பார்த்துச் சொன்னேன்.

“புள்ள, அந்தப் பாட்டு எப்பிடிப் போகும்னு அவரைக் கொஞ்சம் பாடச் சொல்லு.”

“என்னத்துக்கு அம்மா?”

“பாடச் சொல்லு, சொல்றேன்.”

மாத்தயா கூச்சப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முனகினார். கிழட்டுக் குரல், மேலே போகும்போது உடைந்தது. எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

“ரெண்டாவது பக்கம், மூணாவது பாட்டு. முந்தி கொட்டு, அப்புறம் கம்பி, அப்புறம்தான் ஆளு வருவான். நடுவுல ஒரு கீறல் இருக்கு, அந்த எடத்துல ஊசி தாவும்” என்றேன். நேரே போய் ரயில் பாதை ஆளின் உறையை எடுத்து, ரெக்கோட்டைப் போட்டு, ஊசியை வைத்தேன்.

கொட்டு வந்தது. கம்பி வந்தது. மாத்தயா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.  சுகன்யா அழுதுகொண்டிருந்தாள். ஒரு தமிழ்ப் பிள்ளை இந்தப் பாட்டுக்கு அழும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

“எங்கட அப்பா கனடாவில டிரக் ஓட்டினவர், அம்மா. லீவு நாளில என்னையும் ஏத்திக்கொண்டு போவார். டிரக்குக்குள்ள எந்த நேரமும் இந்த மாதிரிப் பாட்டுத்தான்.”

பாட்டு முடிந்ததும் அவர்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டது. கொட்டு அடிக்கிறவன் பிந்துகிறான் என்றார் ஒரு வெள்ளைக்காரர். பிந்துவதுதான் அழகு என்றார் இன்னொருவர். பெரேரா மாத்தயா என்னிடம் திரும்பி, “அக்கே, நீங்க என்ன சொல்றீங்க?” என்று சிங்களத்தில் கேட்டார். என்னிடமா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னிடம்தான்.

“கொட்டைப் பத்தி எனக்குத் தெரியாது மாத்தயா. கம்பி அழுவுது, ஆளு அழாமப் பாடுறான். ரெண்டும் சேந்து அழுதிருந்தா நான் இத்தனை தடவை கேட்டிருக்க மாட்டேன்” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் மற்றவர்களுக்கு இங்கிலீஷில் அதைச் சொன்னார். மூன்று வெள்ளைக்காரரும் தலையை ஆட்டினார்கள்.

ரயில் பாதை ஆளைக் காட்டி, “பாவம், இந்த ஆளுதானே பாடுறது?” என்று சுகன்யாவிடம் கேட்டேன்.

“இல்லை அம்மா. இவர்.” அவள் தொட்டுக் காட்டியது லொறிமேல் உட்கார்ந்து பெரிய ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்த தடியனை.

“இவனா!”

“ஓம். அந்த மெலிஞ்ச ஆள் சிரிப்பு மூட்டுற பகிடிப் பாட்டுப் பாடுறவர்.”

இத்தனை வருஷமும் வேறு ஒருத்தனுக்கு இரக்கப்பட்டிருக்கிறேன். 

“இவன் யாரு செத்ததுக்குப் பாடுறான்?”

“ஒருத்தரும் சாகேல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வீட்டை போய்ச் சேர்ந்திடுவன் எண்டு பாடுறார்.”

“போய்ச் சேந்தானா?”

சுகன்யா அதை மாத்தயாவிடம் கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அதைத் தெரிஞ்சுக்கத்தான் நானும் அம்பது வருஷமாத் தேடினேன், அக்கே. பாட்டுல அது வரவே இல்ல.”

6. நாற்பத்தொன்றையும் பிரித்தபோது

மேனேஜர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, “அக்கா, மன்னிச்சிருங்க” என்று என் காதோடு சொன்னார்.

“அதை அப்ப சொன்ன மாதிரிச் சத்தமாச் சொல்லுங்க, சேர்” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் ஐந்து பேரும் கேட்கச் சொன்னார். இங்கிலீஷிலும் சொன்னார்.

அவர் சொன்ன பிறகு நான் பேசாமல் இருப்பது நியாயமில்லை. கூரை ஒழுகியது, ஃபெக்டரியில் காயவைத்தது, முகம் பார்த்து உறை கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. யாரையும் கேக்கவும் இல்ல. அது என் பிழை.”  யாரும் சிரிக்கவில்லை.

சுகன்யா ரெக்கோட்டின் நடுவில் இருக்கும் வட்டக் கடதாசியையும் லொறி உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “வாசிக்கத் தேவையில்லை அம்மா. இந்த எழுத்தின்ர வடிவைப் பாருங்கோ. இஞ்சையும் அதே வடிவு.”

பார்த்தேன். ஒரே கொக்கி, ஒரே வளையம், ஒரே கோடு. கோலப் புள்ளியில் ஒன்று தப்பினால் கண்டுபிடிக்கிறவள், இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இங்கிலீஷ் எழுத்து என்றாலே எனக்கில்லை என்று கண்ணைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வந்த அதிர்ச்சிகளில் பெரியது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் வெளியே எடுத்தோம். நானும் வடிவைப் பார்த்து ஏழு சோடி சேர்த்தேன். வெள்ளைக்காரர் ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள். தேத்தண்ணி ஆறிப் போய்விட்டது, யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு உறையும் ஒரு ரெக்கோட்டும் மிஞ்சின. சேர்த்துப் பார்த்தார்கள். சேரவில்லை. உறை வேறு பாட்டுக்காரருடையது, ரெக்கோட் வேறு ஆளுடையது. ஆகவே அந்த உறையின் ரெக்கோட் உண்மையாகவே காணவில்லை.  எல்லோர் கண்ணும் என்மேல்.

துரை யாருக்காவது இரவல் கொடுத்து மாற்றி வாங்கியிருக்கலாம். பார்சலிலேயே அப்படி வந்திருக்கலாம். பழைய பாக்கியமாக இருந்தால் இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடித்துப் பேசியிருப்பாள்.

“இது எப்பிடின்னு எனக்குத் தெரியாது, சேர்” என்றேன்.

“சரிக்கா” என்றார் மேனேஜர்.  ஒரு துண்டுக் கடதாசி எடுத்து இங்கிலீஷில் எழுதி, அந்த உறைக்குள் வைக்கப் போனார்.

பிள்ளைகளே, வேலையில் தெரியாததைத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் அது எங்கேயும் போகாது. அப்படியே இருந்து, ஒரு நாள் உங்கள் நல்ல பேரையே கேள்வி கேட்கும். தெரியாதென்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் மேனேஜரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். “என்னா எழுதியிருக்கீங்க, சேர்? எனக்கு வாசிச்சுக் காட்டுங்க.”

“இதோட ரெக்கோட் இல்ல, எப்பிடின்னு தெரியாது” என்று அவர் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.