ரன் பெரிசா, கலர் பெரிசா

எங்கள் ரூமில் ஆறு பேர். ஆறு பேருக்கும் வெக்கேஷன் முறை வந்திருந்தது. அந்த ஆவணிக்கு ஒருத்தனைத்தான் ஊருக்கு விடுவேன் என்று கேம்ப் பாஸ் சொல்லிவிட்டான். யாரை என்று சொல்லவில்லை. "தும் லோக் டிசைட் கரோ", நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று வண்டியில் ஏறிப் போய்விட்டான். பெரிய மனுசத்தனமாம். ஆறு நாயை ஒரு எலும்போடு உள்ளே போட்டுக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது எங்களுக்கு.

பாஸ்போர்ட் கம்பெனியிடம். கேட்டைத் தாண்டினாலும் தோஹாவின் தொழிற்பேட்டை சனையாதான்: கேரேஜ், லாரி, மணல், இன்னொரு கேம்ப்.

எனக்கு அந்த லீவு வேண்டும். ஊரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா போனில் சொன்னார்: "ஆவணில வந்துருங்க தம்பி. தள்ளிப் போச்சுன்னா நாங்க வேற இடம் பாக்குற மாதிரி ஆயிரும். தப்பா எடுத்துக்காதீங்க." இதை ரூமில் சொன்னேன். விட்டுக் கொடுப்பார்கள் என்று நம்பினேன். ஒருத்தன் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்றான். ஒருத்தன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றான். சாரம் கட்டும் தஞ்சாவூர்க்காரர்தான் எங்களில் மூத்தவர். அவர் காரணமே சொல்லவில்லை. "எனக்குப் போவணும்" என்றார், அவ்வளவுதான்.

சீட்டாடித் தீர்ப்பது என்று முடிவானது. மூணு சீட்டு ஆடினால் அடிதடியாகும், எங்களைப் பற்றி எங்களுக்கே தெரியும். அடுத்த ரூம் பிலிப்பைன்ஸ்காரன் ஸ்டோர் கீப்பர். அவன் போக்கர் ஆடச் சொன்னான். எல்லோருக்கும் சமமாகக் காய், காய் தீர்ந்தவன் வெளியே, கடைசியில் நிற்பவன் ஜெயித்தவன். ஸ்டோரிலிருந்து ஒரு டப்பா வாஷர் கொண்டு வந்தான். அதுதான் காய். தோற்றவன் எழுந்து போகக் கூடாது, உட்கார்ந்து சீட்டைப் போட வேண்டும் என்றும் பேசிக்கொண்டோம். போனால் ஜன்னல் வழியாகச் சைகை காட்டுவான் என்று பயம்.

வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தோம். எது எதைவிடப் பெரிது என்று அவன் விளக்கினான். நாங்கள் "அச்சா, அச்சா" என்றோம். சைட்டில் ஃபோர்மேன் எது சொன்னாலும் சொல்கிற அதே அச்சா. புரிந்தாலும் அச்சா, புரியாவிட்டாலும் அச்சா. டவுசர் போட்ட காலத்திலிருந்து சீட்டாடுகிறோம், இவன் என்ன சொல்லித் தருவது என்ற நினைப்பு வேறு.

ஆட்டம் எளிதுதான். கையில் இரண்டு சீட்டு மறைவாக. தரையில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். மொத்தத்தில் நல்ல ஐந்து யாரிடமோ அவன் நடுவில் சேர்ந்த காயை எடுப்பான்.

எடுத்த எடுப்பிலேயே எனக்கு ஜாக்கியும் பத்தும். தரையில் முதல் மூன்று திறந்தன: ராணி, ஒன்பது, எட்டு. எட்டிலிருந்து ராணி வரை வரிசையாக ரன் சேர்ந்துவிட்டது. அந்த ராணியும் எட்டும் ஆர்ட்டின். அதை நான் கவனிக்கவே இல்லை. மூணு சீட்டில் ரன் பெரிசு; கலர், அதாவது எல்லாம் ஒரே ஜாதிச் சீட்டு, அதற்குக் கீழே. யாருக்குக் கலர் சேர்ந்தால் எனக்கென்ன?

அப்போதே எல்லா வாஷரையும் தள்ளியிருந்தால் எல்லோரும் பயந்து சீட்டைக் கவிழ்த்திருப்பார்கள். நான் கொஞ்சமாகத் தள்ளினேன். கூட இருக்கட்டும், கறக்கலாம் என்று. தஞ்சாவூர்க்காரர் மட்டும் கூடவே வந்தார். நாலாவது சீட்டு ஒன்றுக்கும் உதவாத ரெண்டு. மறுபடி கொஞ்சம் தள்ளினேன். மறுபடி வந்தார். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் நாலு. இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினேன்.

"என்னடா, மொத்தத்தையும் வக்கிற? பொண்ணு வீட்டு நெனப்பா?" என்றார்.

"பயமா இருந்தா கவுத்துருங்கண்ணே."

"பயமா? ஒனக்கா?" என்று அவரும் தள்ளினார். அவரிடமும் அதே அளவுதான் இருந்தது.

நான் ரன்னைக் காட்டினேன். அவர் முகம் தொங்கிப் போனது. "போச்சு. நம்மகிட்ட கலருதான்" என்று இரண்டு ஆர்ட்டினை வீசிவிட்டு எழப் போனார். நான் வாஷரை இரண்டு கையாலும் அள்ளினேன்.

பிலிப்பைன்ஸ்காரன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "நோ, மை பிரண்ட். ஃப்ளஷ் பிக். ஸ்ட்ரெயிட் ஸ்மால்."

"யோவ், ரன்னு பெரிசுய்யா!" ரூமே கத்தியது. தஞ்சாவூர்க்காரரும்தான் கத்தினார்.

"திஸ் போக்கர். ஐ டெல் பிஃபோர். யூ ஆல் சே அச்சா. கலாஸ்."

கலாஸ் என்றால் முடிந்தது. அவன் பேச்சே கடைசி என்று நாங்கள்தான் ஒப்புக்கொண்டிருந்தோம். தஞ்சாவூர்க்காரர் மெல்லத் திரும்ப உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்களே சொன்னீங்கள்ல ரன்னு பெரிசுன்னு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாஷரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். "ஆட்டம்னா ஆட்டம்தான் தம்பி. சீட்டைப் போடு."

போட்டேன். என் லீவுக்காக ஐந்து பேர் ஆட, நான் கலைத்துக் கலைத்துப் போட்டேன். எழுந்து போக வழியில்லை, போனாலும் வெளியே அந்த வெயிலில் நிற்க நிழலில்லை. அவருக்கு நல்ல சீட்டாக விழுந்தது. என் கையாலேயே விழுந்தது. சாயங்காலத்துக்குள் எல்லா வாஷரும் அவர் முன்னால் இருந்தன.

போனில் கெஞ்சினேன். பெண்ணின் அப்பா "பாக்குறோம் தம்பி" என்றார். தஞ்சாவூர்க்காரர் கிளம்பியபோது ஒரு பார்சல் கொடுத்தேன்: ஒரு சென்ட், ஒரு சேலைத் துணி, கரைத்துக் குடிக்கிற டேங் பவுடர் டப்பா. பெண் வீட்டில் கொடுத்து, எப்படியாவது தை வரை பொறுக்கச் சொல்லுங்கள் என்றேன். கொடுக்கிறேன் என்றார். ஊர் ஊராக பஸ் மாறி, உண்மையிலேயே போயிருக்கிறார்.

திரும்பி வந்து பையைத் திறந்ததும் பார்சலை என் கட்டிலில் வைத்தார்.

"நல்ல மனுசங்கடா. எலை போட்டு சோறு போட்டாங்க."

"பொண்ணு?"

"அதுக்குத்தாண்டா சோறு. நான் போன அன்னைக்கு அங்க நிச்சயதார்த்தம்."

அந்த ஆளை அடித்திருக்க வேண்டும். அடித்தால் மறுநாள் அதே சாரத்தில் அவர் கட்டிய கயிற்றை நம்பி ஏற வேண்டும். டேங்கைப் பிரித்து பக்கெட்டில் கரைத்தேன். ஆறு பேரும் குடித்தோம். அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.