சிவகாமசுந்தரி சொன்ன வேண்டுதல்

சேதுபதிக்குத் தொப்பை விழுந்தபோது அதற்காக வருத்தப்பட்ட ஆள் அந்த வரிசை வீடுகளில் ஒருவரும் இல்லை. ஜாலான் புசார் ரோட்டுக்குப் பின்னால், நகராட்சி வேலைக்காரர்களுக்கென்று கட்டிய குவாட்டர்ஸ் அது. "உடம்பு வச்சிருச்சுலா, மண்டோரே" என்று பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அவர் மனைவி சிவகாமசுந்தரிக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று எலும்பும் தோலுமாகக் கிடந்த மனுஷனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். கல்யாணச் சாப்பாடே கிழங்குதான். அந்தப் பசியை அவள் மறக்கவில்லை. அதனால் சண்டை முடிந்து நாலு காசு கையில் தங்க ஆரம்பித்ததும், துணி வாங்கவில்லை, நகை வாங்கவில்லை, நெய் டின் வாங்கி வைத்தாள்.

வாய்க்கால் வெட்டும் கூலியாகச் சேர்ந்தவர் சேதுபதி. நல்ல உழைப்பாளி என்பதால் ஆட்களை மேய்க்கும் மண்டோராக உயர்த்தினார்கள். மண்வெட்டி பிடித்த கை அதன்பிறகு குடை பிடித்தது. காலையில் லாரியின் முன்சீட்டில் ஏறிப் போவார், வாய்க்கால் கரையில் நின்று பத்துப் பேரை அதட்டுவார், அதே முன்சீட்டில் திரும்பி வருவார். மதியம் சாகுல் ஹமீது பாய் கடையில் கொழுப்பு மிதக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு. நடுநடுவே டின்பால் ஊற்றிய தேநீர். சிகரெட் மட்டும் கணக்கில் சேராது, ஒன்று அணைவதற்குள் அடுத்தது பற்றிக்கொள்ளும். பெரிய மனுஷன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சேதுபதி நினைத்தார். வரிசை முழுக்க அப்படித்தான் நினைத்தது.

அந்த வரிசையில் ஆண்கள் செத்துக்கொண்டும் இருந்தார்கள். யாரும் அதை இப்படிச் சொன்னதில்லை. ஒருத்தர் வாயு அடைத்துப் போனார் என்றார்கள். இன்னொருத்தருக்குக் கண் திருஷ்டி. மூலை வீட்டுக்காரர் பந்து விளையாட்டு பார்க்கப் போன இடத்தில் சாய்ந்தார், அவருக்கு வெயில். ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனியாக ஒரு பெயர் வைத்து எடுத்துப் போய்விட்டதால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்கள். வீட்டுக்காரர் போனால் குவாட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அதனால் விதவைகள் வரிசையில் தங்குவதில்லை, பார்த்துப் பார்த்து யாரும் நினைவு வைத்துக்கொள்ள வழியும் இல்லை.

ஓர் ஐப்பசி மாதச் சாயங்காலம், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த சேதுபதி பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் யாரோ பிழிகிறார்கள் என்றார். வேர்வை சொட்டியது. எதிர் வீட்டு மருதப்பன் பதறிப்போய் டாக்சி பிடித்து வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் படுக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், தழைந்த குரலில் பேசுகிறவர்.

"இந்த ஊரில நீங்கள் இந்தியாக்காரர் எத்தனை பேர்? பத்துப் பேரில ஒருத்தர்கூடத் தேறாது. ஆனா நெஞ்சு வலியெண்டு என்னட்ட வாறதில உங்கட ஆட்கள்தான் கனபேர். அதுவும் சின்ன வயசில வருகினம். ஏனெண்டு எங்களுக்கே சரியாத் தெரியேல்ல. சிகரெட்டோ, நெய்யோ, உடம்பு வளையாத வேலையோ, ரத்தக் கொதிப்போ, எல்லாம் சேர்ந்தோ. நீங்கள் எல்லாத்தையும் குறையுங்கோ. நடவுங்கோ. பாரம் தூக்காதேங்கோ."

"சரிங்க டாக்டர்" என்றார் சேதுபதி. வாசலுக்கு வந்ததும் சிகரெட் பற்றவைத்தார். "எல்லாத்தையும் குறைன்னா மனுஷன் எதுக்கு உயிரோட இருக்கறது? அவருக்கே தெரியலங்கிறாரு, நம்மகிட்ட சொல்றாரு."

டாக்டரை நம்பாதவர் முருகனை நம்பினார். படுக்கையில் கிடந்தபோதே வேண்டிக்கொண்டாராம், பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. வேண்டுதல் என்று வந்துவிட்டால் சேதுபதி வேறு மனிதர். ஒரு மண்டலம் விரதம். கறி இல்லை, சிகரெட் இல்லை. ஒருவேளைச் சோறு, அதுவும் உப்புச் சப்பில்லாமல். தரையில் பாய் விரித்துப் படுத்தார். விரதக்காரன் லாரியில் போகலாமா என்று கேட்டுக்கொண்டு, விடியுமுன் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயில்வரை வெறுங்காலால் நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வேலைக்கும் நடந்தே போனார்.

தை பிறக்கும்போது சட்டைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினார். நெஞ்சு வலி இருந்த இடம் தெரியவில்லை. பால்குடம் எடுத்துவிட்டு வந்து, "பாத்தியா சிவகாமி, கண்கண்ட தெய்வம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவளும் அழுதாள். மூன்றாம் நாள் இடும்பன் பூசை. முருகனுக்குக் காவல் நிற்கும் இடும்பனுக்குக் கறியும் முட்டையும் சுருட்டும் படைத்து, அதைச் சாப்பிட்டு விரதம் முடிப்பது அவர்கள் வழக்கம். முடித்தார். மறுநாள் சாகுல் ஹமீது பாய் கடையில் அவருக்கு வரவேற்பே நடந்ததாம்.

ஆனிக்குள் பழைய தொப்பை திரும்பிவிட்டது. ஆடியில் படியேறும்போது மறுபடியும் நடுவில் நின்றார். "ஒண்ணுமில்ல, செருப்பு வார்" என்றார். அவர் காலில் செருப்பே இல்லை. அன்றைக்குத்தான் சிவகாமசுந்தரிக்கு எல்லாம் சேர்ந்து வந்து முகத்தில் அறைந்தது. மூலை வீட்டுக்காரர், அதற்கு முந்தினவர், அதற்கும் முந்தினவர். அந்தத் தொப்பை, அந்தச் சிகரெட், அந்தப் படி. தன் கையால் ஊற்றின நெய். டாக்டர் சொன்னதைத்தான் விரதம் செய்துகாட்டியது என்பது அவளுக்கு வெட்ட வெளிச்சமாகப் புரிந்தது.

"என்னங்க, விரதத்துல இருந்த மாதிரியே இருந்துடுங்களேன். உடம்பு எவ்வளவு நல்லா இருந்துச்சு."

"விரதம் முடிஞ்சு போச்சு. சாமிக்குக் குடுத்த வாக்கும் முடிஞ்சு போச்சு. சும்மா பட்டினி கிடக்க நான் என்ன பிச்சக்காரனா?" சேதுபதி தட்டை இழுத்துக்கொண்டார். "ஜப்பான்காரன் போட்ட பட்டினி போதும்லா."

அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒருநாள் நெய் டின்னைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அவர் இன்னொன்று வாங்கி வந்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிவிட்டு, சாமி படத்தைப் பார்த்தபடியே ஒரு பொய் சொன்னாள். நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நானும் வேண்டிக்கிட்டேன். வருஷா வருஷம் நீங்க விரதம் இருந்து பால்குடம் எடுப்பீங்கன்னு. பயத்துல உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். இப்ப படியில நிக்கிறீங்கன்னா அத மறைச்ச குத்தம்தான்.

சேதுபதி கையில் இருந்த சிகரெட்டை அந்த இடத்திலேயே அணைத்தார். அவளுக்கு ஐயோ என்றிருந்தது. இத்தனை நாள் அவள் கெஞ்சிக் கேட்டு நடக்காதது சாமி பேரைச் சொன்னதும் நடந்துவிட்டது. புரட்டாசி தொடங்கியே விரதம் என்று அவராகவே முடிவு செய்தார். வருஷத்தில் பாதியை முருகனிடமிருந்து வாங்கிவிட்டோம், மீதிப் பாதியை அடுத்த பொய்யால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கணக்கு மார்கழியில் பிசகியது. வீட்டுக்கு வந்தவர், "பால்குடம் இல்ல சிவகாமி, அலகுக் காவடி. வேண்டுதல இத்தனை நாள் மறைச்சதுக்கு வட்டி கட்ட வேணாமா? மருதப்பன்கிட்ட சொல்லிட்டேன், இரும்புல செய்யறாங்க" என்றார்.

பாரம் தூக்காதேங்கோ என்று அந்த டாக்டர் சொன்னது அவள் காதிலேயே நின்றது. பால்குடமே போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வேண்டிக்கொண்டவள் நீ, நீயே பேரம் பேசலாமா என்று அவர் சிரித்தார். பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் வேண்டிக்கவே இல்லைங்க. பொய் சொன்னேன். நீங்க சிகரெட்ட விடணும்னு சொன்னேன். என் தலையில அடிச்சு சத்தியம் பண்றேன்."

சேதுபதிக்குக் கோபம் வரவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இளைத்து, முகம் தெளிந்து, கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தார். "பயப்படறே. பயத்துல பேசறே. வேண்டுதல் பொய்யா இருந்தா இந்த உடம்பு எப்படி இவ்வளவு லேசாச்சு? நீயே சொல்லு."

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதைத்தான் ஆடியிலேயே சொல்லியிருந்தாள். எழுந்து போய், தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

மறுநாள், காவடிகள் கிளம்பும் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டு முருகன் கோயில்வரை, அவள் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நடந்தாள். சிலிகி ரோட்டில் வெயில் ஏறியது. ஒவ்வொரு தடவை அவர் நின்றபோதும் அவள் பதறிச் சொம்பை நீட்டினாள். அவர் நின்றது ஆடுவதற்கு. இரும்புக் காவடி தோளில் குலுங்க, அந்த மனுஷன் இருபது வயசுப் பிள்ளை மாதிரி ஆடினார். டேங்க் ரோட்டில் அலகைப் பிடுங்கியபோது ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு முனகல் இல்லை. சிவகாமசுந்தரி சந்நிதியிலேயே விழுந்து கும்பிட்டாள். தன் பொய்யை முருகன் மெய்யாக்கிக்கொண்டான், அவரை எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிட்டான் என்று அவள் நம்பினாள். எல்லாம் தெரிந்தவள்தான். ஆனாலும் நம்பினாள். அவ்வளவு நாள் பயந்தவளுக்கு நம்புவது அத்தனை சுகமாக இருந்தது.

மூன்றாம் நாள் இடும்பன் பூசை. வரிசை முழுக்க வந்துவிட்டது. சாகுல் ஹமீது பாய் தன் கையால் அறுத்த ஆட்டுக்கறியை அனுப்பியிருந்தார். அவளே சமைத்தாள், அவளே பரிமாறினாள். இத்தனை மாதம் வாயைக் கட்டின மனுஷன், இன்றைக்கு ஒருநாள் சாப்பிடட்டுமே என்று சோற்றின் நடுவில் குழி பறித்து நெய்யை ஊற்றினாள். போதும் என்று அவர் கை காட்டினார். அதைத் தாண்டி இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். சாப்பிட்டு எழுந்ததும் யாரோ சிகரெட் நீட்டினார்கள். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே இலை எடுத்தாள். அது முடிவதற்குள் சேதுபதி சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து, தரையில் உட்கார்ந்தார். அவள் இலையோடு ஓடி வந்தபோது அவர் கண் அவளைத் தேடவில்லை.

"கொடுத்து வச்ச சாவு" என்றார்கள். காவடியை இறக்கி வைத்துவிட்டு, விரதத்தை முறையாக முடித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் எத்தனை பேர் என்று கேட்டார்கள். குவாட்டர்ஸைக் காலி செய்ய நோட்டீஸ் வந்ததும் அதற்குத் தனியாக வருத்தப்பட்டார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சமையலறையில் சிவகாமசுந்தரி தனியாக உட்கார்ந்திருந்தாள். மருதப்பனின் மனைவி கமலா உள்ளே வந்து பக்கத்தில் குந்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, இவருக்கும் ரெண்டு மாசமா நெஞ்சுல என்னமோ பண்ணுது. வெளிய சொல்ல மாட்டேங்கிறாரு. உங்க வேண்டுதல் பலிச்சு, நெஞ்சு வலியில்லாம அண்ணன் எப்படி ஆடினாருன்னு ஊரே பேசுதே. நானும் காவடிக்கு வேண்டிக்கட்டுமா?"

சிவகாமசுந்தரி அவள் கையை வலிக்கும்படி பிடித்தாள். "காவடி வேணாம் கமலா. நான் வேண்டிக்கவே இல்ல. அது பொய். விரதம்தான் அவர உயிரோட வச்சிருந்துச்சு. நான்தான் முடிச்சு வச்சேன். நீ உன் புருஷனுக்கு விரதத்த ஆரம்பிச்சா முடிக்கவே விடாத. கேக்குதா? சாகுற வரைக்கும் முடிக்க விடாத."

கமலா அவள் முகத்தைப் பார்த்தாள். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அப்படியெல்லாம் பேசாதீங்க அக்கா, தெய்வக் குத்தம்" என்று மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். கூடத்திலிருந்து மருதப்பன் குரல் வந்தது, நெய் எங்கே என்று. "தோ வரேன்" என்று கமலா அடுப்புப் பக்கம் இருந்த டின்னை எடுத்துக்கொண்டு போனாள்.